வெளிநாட்டு முனைவர் பட்டத்துக்கு ஆய்வு முன்மொழிவு: ஒரு கண்மாயை வைத்து ஒரு விளக்கம்

இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் உதவித்தொகையுடன் கூடிய முனைவர் பட்ட இடங்கள் பலவற்றுக்கு டிசம்பரிலோ ஜனவரியிலோ விண்ணப்பக் கெடு முடிந்துவிடும். அதனால் செப்டம்பர் பிறந்ததுமே, நீரியல், வேளாண் பொருளியல், சுற்றுச்சூழல் ஆகிய துறைகளில் முதுகலை முடித்த தம்பி தங்கைகள் தங்கள் முன்மொழிவின் வரைவுகளை எனக்கு அனுப்பத் தொடங்குகிறார்கள். நீர் மேலாண்மையில் அங்கே ஆய்வு செய்து பட்டம் பெற்றவன் என்ற முறையில் அவற்றைப் படித்துக் கருத்துச் சொல்வதை நான் விருப்பத்தோடு செய்து வருகிறேன். அனுப்புகிறவர்களில் பலர் பாசன ஊர்களில் வளர்ந்தவர்கள். எந்த மடையில் தண்ணீர் முதலில் இறங்கும், எந்தக் கிணறு சித்திரையிலும் வற்றாது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. அந்த அறிவில் ஒரு துளிகூட வரைவுக்குள் வராமல் போவதுதான் எனக்கு உள்ளபடியே வருத்தம் தருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதியதைச் சேர்த்து, ஒரே ஒரு வரைவு எப்படி உருமாறியது என்பதை வைத்து, இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். எல்லா நாடுகளும் முன்மொழிவைக் கேட்பதில்லை. அமெரிக்காவில் பெரும்பாலான துறைகள் நோக்க அறிக்கை ஒன்றைத்தான் கேட்கும். பாடங்களை முடித்துத் தகுதித் தேர்வு எழுதும் கட்டத்தில்தான் முழுமையான முன்மொழிவு எழுத வேண்டிவரும். நெதர்லாந்திலும் சுவீடனிலும் முனைவர் பட்ட ஆய்வாளர் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் பணியாளர். பதவியை விளம்பரம் செய்யும்போதே ஆய்வுத் திட்டத்தின் பெரும்பகுதி எழுதப்பட்டிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி முனைவர் வலையமைப்புகளும் அப்படித்தான். இங்கிலாந்து, அயர்லாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலும், ஜெர்மனியில் தனிப் பேராசிரியரின் கீழ் செய்யும் ஆய்வுக்கும், ஜெர்மானிய கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் வழங்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் விண்ணப்பதாரரே எழுதிய முன்மொழிவு மிகுந்த கனம் பெறுகிறது. இந்தக் கட்டுரை அப்படி விண்ணப்பதாரரே முன்மொழிவு எழுத வேண்டிய வகையைப் பற்றியது.

எனக்கு வரும் வரைவுகளின் முதல் பக்கம் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருக்கும். உலக மக்கள்தொகையில் 18 சதவீதம் இந்தியாவில் இருக்கிறது, நன்னீரில் 4 சதவீதம்தான் இருக்கிறது என்று தொடங்கும். பிறகு பருவநிலை மாற்றம், பிறகு தமிழ்நாட்டின் வறட்சி, பிறகு நிலைத்த வளர்ச்சி இலக்குகள். இரண்டாம் பக்கத்தின் நடுவில்தான் விண்ணப்பதாரர் என்ன செய்யப்போகிறார் என்பது வரும்; அதுவும் 'நிலையை ஆராய்தல்', 'காரணிகளைக் கண்டறிதல்', 'உரிய பரிந்துரைகளை வழங்குதல்' என்று ஐந்து நோக்கங்களாக வரும். தலைப்பின் கடைசியில் 'ஓர் ஆய்வு' என்று ஒட்டியிருக்கும். நம் பல்கலைக்கழகங்களில் பதிவுக்குச் சமர்ப்பிக்கும் சினாப்சிஸ் இந்த வடிவில்தான் கேட்கப்படுகிறது என்பதால் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முன்மொழிவைப் படிக்கப்போகும் பேராசிரியரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்க வேண்டும். அவர் இருபது ஆண்டுகளாக நீரைப் பற்றியே எழுதி வருகிறவர். நீர் முக்கியமானது என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. இந்த விண்ணப்பதாரரோடு மூன்று நான்கு ஆண்டுகள் வாரந்தோறும் உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு பொருள் இருக்கிறதா, அது முடிவுக்கு வருமா என்பதைத்தான் அவர் அந்த நான்கைந்து பக்கங்களில் தேடுகிறார்.

அந்தப் பொருள் ஒரு கேள்வியாக இருக்க வேண்டும் என்பதும், அந்தக் கேள்விக்கு விடை இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாததாக இருக்க வேண்டும் என்பதும், விடை எந்தப் பக்கம் வந்தாலும் அது துறைக்கு ஏதேனும் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்பதும்தான் முன்மொழிவு எழுதுவதில் நான் அறிந்த முழு விஷயம். தரவு, முறை, கால அட்டவணை எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறக்கின்றன. கேள்வி மங்கலாக இருந்தால் எவ்வளவு நல்ல ஆங்கிலத்தில் எழுதினாலும் மற்றவை எதுவும் நிற்காது.

சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை அனுப்பிய வரைவைச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். அவருடைய இசைவோடுதான் எழுதுகிறேன். தலைப்பு, 'தமிழ்நாட்டில் ஏரிகளைப் புனரமைப்பதன் வழியாக நீர்ப் பாதுகாப்பு – ஓர் ஆய்வு'. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. 2017-ல் தமிழக அரசு, ஊராரே நீர்நிலைகளைப் பராமரிக்கும் குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் கொண்டுவந்து, அந்த நீரில் பாசனம் பெறும் நிலத்துக்காரர்களான ஆயக்கட்டுதாரர்களின் பங்களிப்போடு தூர்வாரும் பணிகளைத் தொடங்கியது. அந்தத் திட்டத்தால் நீர்வளம் பெருகியதா என்று பார்க்கப்போவதாக அவர் எழுதியிருந்தார். பொருள் நல்ல பொருள். கேள்வி இன்னும் வரவில்லை. தொலைபேசியில் அழைத்து, உங்கள் ஊர்க் கண்மாயைத் தூர்வாரிய பிறகு நீங்கள் கண்ணால் கண்டது என்ன என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு அவர் சொன்னது இது: "கம்மாயில தண்ணி கெடக்குண்ணே, ஆனா மடைக்கு ஏற மாட்டேங்குது."

அந்த ஒரு வாக்கியத்தில் முழு முன்மொழிவும் இருந்தது. கண்மாயின் மடை ஒரு குறிப்பிட்ட மட்டத்தில் அமைந்திருக்கிறது. அந்த மட்டத்துக்கு மேலே நிற்கும் தண்ணீர்தான் தானாக வாய்க்காலுக்கு இறங்கி வயலுக்குப் போகும். மண் அள்ளும் இயந்திரம் கண்மாயின் உட்பகுதியை அந்த மட்டத்துக்கும் கீழே ஆழப்படுத்திவிட்டால், அங்கே சேரும் தண்ணீர் கண்மாயின் மொத்தக் கொள்ளளவில் கணக்குக்கு வரும். ஆனால் மடை வழியே ஒரு சொட்டும் வெளியேறாது. அது வெயிலில் ஆவியாகும், அல்லது மண்ணுக்குள் இறங்கும். மண்ணுக்குள் இறங்கியது பக்கத்துக் கிணறுகளில் ஊறும். கிணறும் மோட்டாரும் வைத்திருப்பவர்கள் அதை எடுத்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் வேளாண் மின்சாரம் கட்டணமில்லாதது என்பதால், கிணறு இருப்பவருக்கு அதை இறைக்கச் செலவு மிகக் குறைவு. கிணறு இல்லாமல் மடைத் தண்ணீரை மட்டும் நம்பி, வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைச் சிறு விவசாயிக்கு, தூர்வாரியதால் கிடைத்த கூடுதல் நீரில் பங்கு உண்டா என்பது அப்படியே திறந்து கிடக்கும் கேள்வி.

அவர் பிறகு எழுதிய ஆய்வு வினா இது: மடை மட்டத்துக்குக் கீழே தூர்வாரப்பட்ட கண்மாய்களில் கூடுதலாகத் தேங்கிய நீர், மடைப் பாசனத்தை நம்பியவர்களைச் சென்றடைந்ததா, கிணற்றுப் பாசனத்தார் பக்கம் நகர்ந்ததா? இந்தக் கேள்விக்கு மூன்று விதமாக விடை வரலாம். கிணற்றுப் பக்கம் நகர்ந்தது என்று தெரிந்தால், பொதுப் பணத்தில் நடந்த ஒரு பணி ஊருக்குள் நீரின் உரிமையை ஓசையில்லாமல் மாற்றியிருக்கிறது என்று பொருள். மடைப் பாசனத்துக்கும் பயன் கிடைத்தது என்று தெரிந்தால், கிணற்று நீர் பெருகியதால் மடை மேல் இருந்த நெருக்கடி தளர்ந்திருக்கிறது என்று கொள்ள இடமுண்டு. இரண்டு பக்கமும் மாற்றமே இல்லை என்றால், தடை வண்டல் அல்ல, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய்தான் என்று அடுத்த கட்ட ஆய்வு தொடங்கும். எந்த விடை வந்தாலும் ஆய்வேடு எழுதலாம், கட்டுரை வெளியிடலாம், பொறியாளரிடம் போய்ப் பேசலாம். நேர்காணலில் 'நீங்கள் எதிர்பார்ப்பது நடக்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?' என்று கட்டாயம் கேட்பார்கள். இத்தகைய கேள்வி கையில் இருக்கும்போது அதற்கு விடை ஏற்கனவே தயாராக இருக்கிறது.

முந்தைய ஆய்வுகளைப் பேசும் பகுதிக்கு வருகிறேன். 'இது குறித்துப் பல ஆய்வுகள் நடந்துள்ளன. ஆயினும் சிவகங்கை மாவட்டத்தில் ஆய்வுகள் குறைவு' என்ற வாக்கியம் முதல் வரைவில் இருந்தது. ஒரு மாவட்டத்தில் யாரும் செய்யவில்லை என்பது மட்டும் அங்கே செய்வதற்குக் காரணமாகாது. மற்ற இடங்களில் கிடைத்த முடிவு இங்கே பொருந்தாது என்று நினைப்பதற்கு ஏதாவது ஒரு காரணம் இருந்தால் அதை எழுத வேண்டும். எலினோர் ஆஸ்ட்ரோமைப் பற்றியும் ஒரு பத்தி இருந்தது. பொதுவளங்களை அரசும் தனியாரும் இல்லாமல் பயன்படுத்துவோரே ஒழுங்காக நடத்த முடியும் என்று 1990-ல் எட்டு வடிவமைப்புக் கோட்பாடுகளை முன்வைத்தவர், 2009-ல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற முதல் பெண். அவருடைய எட்டுக் கோட்பாடுகளையும் கண்மாய்களுக்குப் 'பொருத்திப் பார்க்கப்போவதாக' தங்கை எழுதியிருந்தார். ஆஸ்ட்ரோமைக் கொண்டுவராத பொதுவள முன்மொழிவு அபூர்வம். அதனாலேயே வெறுமனே பொருத்திப் பார்ப்பது படிப்பவருக்குப் புதிதாக எதையும் தராது. ஆஸ்ட்ரோமின் கோட்பாட்டை எங்கே இந்தக் கண்மாய் இடறச் செய்கிறது என்பதைச் சொன்னால்தான் படிக்கும் பேராசிரியர் நிமிர்ந்து உட்காருவார்.

அந்த இடம் இருக்கிறது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் கே. பழனிசாமி போன்றவர்கள் நெடுங்காலம் செய்த ஏரிப் பாசனப் பொருளியல் ஆய்வுகளின் ஒரு முக்கியமான செய்தி, தனிக் கிணறுகள் பெருகப் பெருக ஏரியைக் கூட்டாகப் பராமரிக்கும் அக்கறை தளர்கிறது என்பது. கூட்டமைப்பு தளர்ந்த இடத்தில் அரசு வந்து தூர்வாருகிறது. அந்தத் தூர்வாரலே கிணறு உள்ளவர்களுக்கு மேலும் பயன் தருமானால், கூட்டமைப்பு மீளுமா, இன்னும் தேயுமா? இந்தத் தங்கையின் புதிய வரைவில் முந்தைய ஆய்வுப் பகுதி இந்தக் கேள்வியில் வந்து முடிந்தது. நாற்பது மேற்கோள்கள் பதினைந்தாகக் குறைந்தன. ஆனால் அந்தப் பதினைந்தும் ஒன்றோடு ஒன்று பேசின. தமிழ் தெரிந்தவர் என்பதன் பலம் இங்கேதான் வெளிப்பட வேண்டும் என்றும் நான் வற்புறுத்துவேன். பொதுப்பணித் துறையின் பழைய ஏரிக் குறிப்பேடுகள், மதுரையில் இயங்கும் தான் அறக்கட்டளை போன்றவை கண்மாய்ப் பாசன விவசாயிகளோடு செய்த பணிகளின் பதிவுகள், ஆயக்கட்டுதாரர் சங்கங்களின் தீர்மானப் புத்தகங்கள் ஆகியவற்றை லண்டனிலோ பெர்லினிலோ இருக்கும் ஒருவர் எளிதில் எட்ட முடியாது. அவற்றைப் பார்த்திருக்கிறேன், படிக்க முடியும், பெறுவதற்கு வழி தெரியும் என்று இரண்டு வரியில் சொல்வது, உலக நீர் நெருக்கடியைப் பற்றிய இரண்டு பக்கங்களைவிட மேலானது.

முறையியல் பகுதியில்தான் நல்ல வரைவுகளும் தடுமாறுகின்றன. முதல் வரைவில் அவர் கிரேஸ் செயற்கைக்கோள் தரவைக் கொண்டு சிவகங்கை மாவட்டத்தின் நிலத்தடி நீர் மாற்றத்தை அளக்கப்போவதாக எழுதியிருந்தார். 2002-ல் ஏவப்பட்ட கிரேஸ் இணைக்கோள்கள் புவியீர்ப்பில் ஏற்படும் நுண்ணிய மாறுதல்களை வைத்து நீரின் எடை கூடுவதையும் குறைவதையும் கணித்தன. வட இந்தியாவில் நிலத்தடி நீர் வீழ்வதை உலகுக்குக் காட்டியதில் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் அவை பார்க்கும் பரப்பு மிகப் பெரியது. ஒரு பக்கம் 300 கிலோமீட்டரும் அதற்கு மேலும் உள்ள நிலத்தைத்தான் நம்பிக்கையோடு ஒரு புள்ளியாகச் சொல்ல முடியும். தமிழ்நாடு முழுவதும் 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். சிவகங்கை மாவட்டம் 4,200 சதுர கிலோமீட்டர் அளவுக்குச் சிறியது. ஒரு கண்மாயின் கதையை அந்தக் கோளிடம் கேட்க முடியாது. துறை அறிந்த பேராசிரியர் இந்த ஒரு வரியைப் படித்ததும், விண்ணப்பதாரர் கருவியின் பெயரை அறிவார், கருவியை அறியார் என்ற முடிவுக்கு வந்துவிடுவார்.

கண்மாய்க்கு உரிய தரவு வேறு. சென்டினல்-2 செயற்கைக்கோளின் படத்தில் ஒரு படப்புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஒரு ஹெக்டேர் நீர்ப்பரப்பில் நூறு புள்ளிகள் விழும். லேண்ட்சாட் படத்தில் 30 மீட்டர். அதே ஹெக்டேரில் பதினோரு புள்ளிகள்தான், அவற்றிலும் கரையோரப் புள்ளிகள் பாதி நீரும் பாதி மண்ணுமாக இருக்கும். ஆனால் சென்டினல்-2 விண்ணுக்குப் போனது 2015-ல். லேண்ட்சாட் வரிசையில் 30 மீட்டர்ப் படங்கள் 1980-களிலிருந்தே கிடைக்கின்றன. நீண்ட வரலாறு வேண்டுமா, நுட்பம் வேண்டுமா என்பதைக் கேள்விதான் தீர்மானிக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு: கண்மாய்கள் நிறைவது ஐப்பசி, கார்த்திகையில், வானம் மேகம் மூடிக் கிடப்பதும் அப்போதுதான். ஒளியால் படம் எடுக்கும் கோள்கள் மிக முக்கியமான வாரங்களில் வெண்மேகத்தைத்தான் காட்டும். அதனால் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் கோளான சென்டினல்-1-ஐத் துணைக்கு அழைக்க வேண்டும். கண்மாய்க்குள் மண்டிய சீமைக்கருவேலம் நீர்ப்பரப்பை மறைக்கும். அதை எப்படிக் கையாளப் போகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வானிலிருந்து தெரிவது நீரின் பரப்பு. இந்தக் கேள்விக்குத் தேவையானது மடை மட்டத்துக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்ற கணக்கு. ஆகவே தேர்ந்தெடுத்த சில கண்மாய்களில் மடையின் அடிமட்டத்தையும் கண்மாயின் தரைமட்டத்தையும் நேரில் அளந்தே தீர வேண்டும். கிணற்று நீர்மட்டத்துக்கு மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கண்காணிப்புக் கிணறுகள் இருக்கின்றன. அவை ஆண்டுக்கு நான்கு முறைதான் அளக்கப்படுகின்றன, ஒரு கண்மாயின் ஆயக்கட்டுக்குள் ஒன்றுகூட விழாமல் போகலாம். எனவே சொந்த அளவீடு வேண்டும்; அதற்கு ஊர்க்காரர்களின் உதவி வேண்டும்; அது கால அட்டவணையிலும் செலவுக் கணக்கிலும் தெரிய வேண்டும்.

ஒப்பீட்டு ஆண்டைப் பற்றி ஒரு சொல். தூர்வாருவதற்கு முந்தைய நிலையாக 2016-ஐயும், பிந்தைய நிலையாக அதற்கடுத்த ஆண்டுகளையும் எடுத்துக்கொண்டு பல வரைவுகள் வருகின்றன. 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைவாகப் பெய்தது. அந்த ஆண்டோடு ஒப்பிட்டால், தூர்வாரியதும் தூர்வாராததுமாக எல்லாக் கண்மாயும் பிறகு முன்னேறியதுபோல்தான் தெரியும். மறுபக்கம், பெருவெள்ளம் வந்த 2015-ஐ எடுத்தால் எல்லாம் சரிந்ததுபோல் தெரியும். இதிலிருந்து தப்ப, தூர்வாரப்பட்ட கண்மாய்களையும், அதே மழையைப் பெற்றுத் தூர்வாரப்படாத கண்மாய்களையும் பல ஆண்டுகளுக்கு அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அங்கும் ஒரு பொறி இருக்கிறது. குடிமராமத்தில் சங்கம் 10 சதவீதப் பங்களிப்பைப் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டியிருந்தது. ஆகவே ஒற்றுமையும் வசதியும் உள்ள ஊர்களின் கண்மாய்கள் முதலில் தேர்வாகியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஊர்கள் தூர்வாராவிட்டாலும் மற்ற ஊர்களைவிட நன்றாகவே நீரைக் கையாண்டிருக்கலாம். பயன் தூர்வாரலால் வந்ததா, ஊரின் ஒற்றுமையால் வந்ததா என்று பிரிப்பது கடினம். கடினம் என்பதை மறைக்காமல் எழுதி, எந்த அளவுக்குப் பிரிக்க முடியும், எப்படி என்பதையும் எழுதினால் முன்மொழிவின் மதிப்பு உயரும். தங்கள் திட்டத்தின் வலுவற்ற இடத்தைத் தாங்களே சுட்டிக்காட்டும் விண்ணப்பதாரர்களைப் பேராசிரியர்கள் பெரிதும் மதிக்கிறார்கள் என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

கால அட்டவணையைப் பலர் கடைசி நாளில் ஒரு பட்டியலாகப் போட்டு முடிக்கிறார்கள். முதல் ஆறு மாதம் நூல்களைப் படித்தல், அடுத்த ஓராண்டு தரவு சேகரித்தல் என்று வட்டமான எண்களாக இருக்கும். நம் பொருளுக்கு நாள்காட்டி அவ்வளவு தாராளமானது அல்ல. இங்கிலாந்தில் கல்வியாண்டு செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ தொடங்குகிறது. சேர்ந்த உடனே வரும் வடகிழக்குப் பருவத்தில் களத்துக்குப் போக வாய்ப்பே இல்லை. வழிகாட்டியோடு பேச்சே அப்போதுதான் தொடங்கியிருக்கும், அறநெறிக் குழுவின் ஒப்புதலும் கிடைத்திருக்காது. உதவித்தொகை மூன்றரை ஆண்டு என்று வைத்துக்கொண்டால், கண்மாய் நிறைவதையும் வடிவதையும் முழுமையாகப் பார்க்க இரண்டாம் ஆண்டின் பருவம் ஒன்றுதான் உண்மையில் கையில் இருக்கிறது. மூன்றாம் ஆண்டின் பருவம் எழுத்துக்குள் கரைந்துவிடும். அந்த ஒரு பருவமும் 2016 போலப் பொய்த்துவிட்டால்? அதற்கு ஒரு மாற்று வழி முன்மொழிவிலேயே இருக்க வேண்டும். இந்தத் தங்கை, முதலாண்டு முழுவதும் பழைய செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கண்மாய்களின் நீர் நின்ற நாட்களைக் கணக்கிட்டுவிடுவதாகவும், மழை பொய்த்தால் மட்ட அளவீடும் கிணற்று உரிமையாளர்களோடான உரையாடலும் தடையின்றி நடக்கும் என்றும், நீரோட்ட அளவீடு மட்டும் கைவிடப்படும் என்றும் எழுதினார். தை முதல் பங்குனி வரை ஊரில் இருந்தால் அறுவடையும் கண்மாய் வடிவதும் இரண்டும் கண்ணில் படும் என்பதையும் சேர்த்தார். அந்த மாதங்களை அறிந்து எழுதிய அட்டவணையைப் பார்த்தாலே எழுதியவர் களத்தை அறிந்தவர் என்று தெரிந்துவிடும். டாட் உதவித்தொகைக்கும் கால அட்டவணை தனியே பார்க்கப்படும் ஒன்று.

அறநெறியைப் பற்றிப் பெரும்பாலோர் 'பங்கேற்பாளர்களின் ஒப்புதல் பெறப்படும்' என்று ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். கண்மாயில் அது போதாது. ஆக்கிரமிப்பு நிலத்தில் பயிரிடுபவர் தம் வயலின் எல்லையை நம்மிடம் காட்டுகிறார் என்றால், அந்த வரைபடம் வெளியானால் அவர் நிலத்தை இழக்க நேரிடலாம். மடையைத் திறந்து மூடும் பணியைப் பரம்பரையாகச் செய்துவரும் நீர்க்கட்டிகள் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர். ஆயக்கட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பொதுவிடமான மந்தையில் வைத்து அவர்களிடம் கேட்டால் உண்மை வராது, வந்தாலும் அதன் விலையை அந்த நீர்க்கட்டிகள்தான் கொடுக்க வேண்டியிருக்கும். யாரை எங்கே தனியே சந்திப்போம், ஊர்ப் பெயரை எப்படி மறைப்போம், கிணறுகளின் இருப்பிடத்தை எந்த அளவுக்குத் துல்லியமாக வெளியிடுவோம் என்பதைச் சொல்லும் ஒரு பத்தி இருந்தால் போதும். இதை நான் வெறும் விண்ணப்ப உத்தியாகச் சொல்லவில்லை. நம்மை நம்பிப் பேசுகிறவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.

வழிகாட்டியாக வரக்கூடியவருக்கு எழுதும் மின்னஞ்சல் சிறியதாக இருக்கட்டும். 'மாண்புமிகு ஐயா' என்ற பாணியில் நீளும் வணக்கங்களும் வாழ்க்கைக் குறிப்பும் தேவையில்லை. ஆய்வு வினாவை இரண்டு வாக்கியத்தில் சொல்லி, அவருடைய எந்தக் கட்டுரை எந்த இடத்தில் இதைத் தொடுகிறது என்று ஒரு வாக்கியம் எழுதி, ஒரு பக்கச் சுருக்கத்தை இணைத்து, அடுத்த ஆண்டு மாணவர்களைச் சேர்க்கிறாரா என்று கேட்டால் போதும். ஒரே மடலை முப்பது பேருக்கு அனுப்பினால் அவர்களுக்கு அது தெரிந்துவிடும். விடை வராவிட்டால் இரண்டு மூன்று வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுவது முறையானதே. பதில் எழுதுகிறவர் பெரும்பாலும் கேள்வியை மாற்றச் சொல்வார்; அது நல்ல அறிகுறி. ஆனால் அவர் சொன்னதை எல்லாம் அப்படியே ஏற்றுக்கொண்டு ஊர்க் கண்மாயை விட்டுவிட வேண்டாம் என்று இந்தத் தங்கையிடம் சொன்னேன். எழுதிய பேராசிரியர் ஒருவர் நிலத்தடி நீரை மட்டும் மாதிரியாக்கம் செய்யலாமே என்று கேட்டார். மடைக்கும் கிணற்றுக்கும் இடையிலான பங்கீடுதான் தம் கேள்வியின் மையம், மாதிரியாக்கம் அதற்குத் துணையாக வரலாம் என்று தங்கை பணிவாகவும் தெளிவாகவும் பதில் எழுதினார். அதன் பிறகுதான் அந்தப் பேராசிரியர் காணொளியில் பேச நேரம் ஒதுக்கினார்.

அளவைப் பற்றியும் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் பல துறைகள் 1,000 முதல் 2,000 சொற்களுக்குள் கேட்கின்றன. ஒவ்வொரு துறையின் பக்கத்திலும் எழுதியிருப்பதை அப்படியே பின்பற்ற வேண்டும். 1,500 சொற்களில் எழுதுவதானால், முதல் நூறு சொற்களுக்குள் ஆய்வு வினா வந்துவிட வேண்டும் என்பதும், முறையியலுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்பதும் என் கணிப்பு. தலைப்பில் 'ஓர் ஆய்வு' வேண்டாம். இந்தத் தங்கையின் தலைப்பு கடைசியில், 'தூர்வாரிய நீர் யாருக்கு? தமிழ்நாட்டுக் கண்மாய்களில் மடைப் பாசனமும் கிணற்றுப் பாசனமும்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் அமைந்தது.

பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியர்களுக்கும் முன்மொழிவை முன்கூட்டியே, குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பாவது, அனுப்பிவைப்பது அவசியம். 'நல்ல மாணவி, ஒழுக்கமானவர்' என்று மட்டும் எழுதும் கடிதம் எங்கும் நிற்காது. முதுகலை ஆய்வேட்டுக்காக அவர் மட்டக் கருவியைத் தோளில் சுமந்து எத்தனை கண்மாய்க் கரைகளில் நடந்தார், எந்தக் கணக்கில் வந்த பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்தினார் என்பதை அந்த ஆசிரியர்தான் பார்த்தவர். முன்மொழிவில் இருக்கும் கேள்விக்கு அந்த அனுபவம் எப்படிப் பயன்படும் என்று அவர் எழுத வேண்டுமானால், கேள்வி என்ன என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஆண்டு விண்ணப்பிப்பவர்கள் வரைவை அக்டோபர் இறுதிக்குள் எனக்கு அனுப்பினால், முழுவதும் படித்துக் குறிப்பு எழுதி நவம்பருக்குள் திருப்பி அனுப்புகிறேன். முதல் பக்கத்திலேயே ஆய்வு வினாவை அடிக்கோடிட்டு அனுப்புங்கள்.